ஐப்பசி முதல் தை வரை ஓயாத தும்மல்: மூக்கு அலர்ஜியை வீட்டிலேயே கட்டுக்குள் கொண்டுவர முழு வழிகாட்டி

வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் பல வீடுகளில் விடியற்காலையிலேயே தும்மல் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். ஒன்று இரண்டோடு நிற்காமல் எட்டு, பத்து என்று அடுக்காக வரும். மூக்கு தண்ணீராக ஒழுகும், கண் அரிக்கும், மேலண்ணம் நமநமவென்று இருக்கும். "பனி ஒத்துக்கலை", "தலைக்குக் குளிச்சது சேரலை" என்று ஏதோ ஒரு காரணத்தைச் சொல்லி, ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவோம். பொங்கல் தாண்டி வெயில் ஏறியதும் அதுவாகவே அடங்கும். அடுத்த ஐப்பசியில் மறுபடியும் அதே கதை.

குளிர்ந்த காற்று மூக்கை உறுத்தும் என்பது உண்மைதான். ஆனால் பனியே முழுக் காரணம் என்றால், அதே பனியில் விடிகாலை பால் போடுகிறவர் எல்லோரும் தும்மிக்கொண்டே இருக்க வேண்டும். நம் ஊரில் இந்த மாதங்களில் அலர்ஜி கிளம்பும் பலருக்கு, தொல்லை படுக்கையறைக்குள்ளேயே இருக்கிறது. ஈரப்பதம் ஏறும்போது மெத்தையில் தூசிப்பூச்சி பெருகுகிறது, சுவரில் பூசணம் படர்கிறது, மழைக்குப் பயந்து ஜன்னலை மூடிவிடுகிறோம். வெளியே தாழ்வாகத் தங்கும் புகை இன்னொரு பக்கம்.

உள்ளே நடப்பது சுருக்கமாக இதுதான். சாதாரணத் தூசியையோ மகரந்தத்தையோ நம் உடல் எதிரி என்று தவறாக முடிவுகட்டி, ஐஜிஇ என்ற எதிர்ப்புப் பொருளைத் தயாரித்து வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை அதே பொருள் மூக்கில் நுழைந்ததும் சில நிமிடங்களில் ஹிஸ்டமின் என்ற ரசாயனம் சுரக்கிறது. அரிப்பு, தும்மல், ஒழுகல் எல்லாம் அதன் வேலை. சில மணி நேரம் கழித்து இரண்டாவது அலையாக மூக்கடைப்பு வரும். காலையில் தூசி தட்டியவருக்கு மாலையில் மூக்கு அடைத்துக்கொள்வது இதனால்தான். இரண்டையும் யாரும் முடிச்சுப்போட்டுப் பார்ப்பதில்லை.

இருபது வீட்டுக்குறிப்புகளை அரைகுறையாகச் செய்வதைவிட, உங்களுக்கு எது ஆகாது என்று கண்டுபிடித்து அதை மட்டும் ஒழுங்காகக் கவனித்தால் பலன் அதிகம். கீழே உள்ள படிகளை அந்த வரிசையில்தான் வைத்திருக்கிறேன். முடிந்தால் புரட்டாசியிலேயே தொடங்குங்கள்.

படி 1: சளியா, அலர்ஜியா?

வைரஸ் சளி என்றால் தொண்டை வலி, உடம்பு வலி, சில சமயம் காய்ச்சல் இருக்கும். ஒரு வாரம் பத்து நாளில் போய்விடும். வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவருக்கு வரும். அலர்ஜியில் காய்ச்சல் கிடையாது. அரிப்புதான் பெரிய அடையாளம்: மூக்கு, கண், காது உள்பக்கம், அண்ணம். ஒழுகுவது பச்சைத் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். வாரக்கணக்கில் நீளும், ஒரே நாளில் காலையில் மோசமாக இருந்து மதியம் சரியாகிவிடும்.

குழந்தைகள் வாயால் சொல்ல மாட்டார்கள், முகத்தைப் பார்க்க வேண்டும். உள்ளங்கையால் மூக்கு நுனியைக் கீழிருந்து மேலாகத் தேய்த்துக்கொண்டே இருக்கும் பிள்ளைக்கு, மூக்கின் குறுக்கே நடுவில் மெல்லிய கோடு ஒன்று விழுந்திருக்கும். கண்ணுக்குக் கீழே கருத்திருக்கும். வாயைத் திறந்து தூங்கும். இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் "அடிக்கடி சளி பிடிக்கிற பிள்ளை" என்று விட்டுவிடாமல் அலர்ஜியா என்று கேட்டுவிடுவது நல்லது.

படி 2: எப்போது, எங்கே என்று குறித்துவையுங்கள்

இரண்டு வாரம் போதும். போனிலேயே எழுதலாம். தும்மல் எந்த நேரத்தில், எந்த அறையில், அதற்குமுன் என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி. பெரும்பாலும் அதிலேயே விடை தெரிந்துவிடும்.

படுத்ததும், விழித்ததும் மோசமாக இருந்தால் மெத்தையையும் தலையணையையும் சந்தேகப்படுங்கள். பரணிலிருந்து கொலுப் பெட்டி இறக்கும்போது, ஆயுத பூஜைக்கு அலமாரி துடைக்கும்போது வந்தால் பழைய தூசி. ஒரு குறிப்பிட்ட அறையில், அல்லது துணி அலமாரியைத் திறந்ததும் வந்தால் பூசணம். சமையலறையிலும் ஸ்டோர் ரூமிலும் அதிகமானால் கரப்பான்பூச்சியாக இருக்கலாம். அதன் எச்சமும் உடல் துணுக்குகளும் நல்ல அலர்ஜிப் பொருள்கள். வெளியூர் போனதும் சரியாகி, வீடு திரும்பியதும் வருகிறதென்றால் வேறு சாட்சியே வேண்டாம்.

காலி மனைகளின் பக்கம் நடந்தால் வருகிறது என்றால் மகரந்தம். இங்கே ஒரு விஷயம். பளிச்சென்று பூக்கும் செம்பருத்தி, மல்லிகை மேல் பலர் பழி போடுவார்கள். அவற்றைத் தேடிப் பூச்சிகள் வருகின்றன. அவற்றின் மகரந்தம் கனமானது, காற்றில் அதிகம் பறப்பதில்லை. மல்லிகையின் வாசனை சிலருக்கு மூக்கை உறுத்தலாம், அது வேறு. காற்றில் மகரந்தத்தைத் தூவிவிடும் புல் வகைகள், கீரை இனக் களைகள், சவுக்கு, அப்புறம் சீமைக்கருவேலம், பார்த்தீனியம், இவைதான் கவனிக்க வேண்டியவை. 1950-களில் புனே பக்கம் கண்ணில் பட்ட பார்த்தீனியம் இன்று நாடு முழுக்கச் சாலையோரத்தில் நிற்கிறது. மழைக்குப் பின் தழைத்து வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். வீட்டருகே முளைத்தால் பூப்பதற்கு முன்பே பிடுங்கிவிடுங்கள், கையுறை போட்டுக்கொண்டு. வெறுங்கையால் தொட்டால் சிலருக்குத் தோலிலும் தடிப்பு வரும்.

படி 3: படுக்கை

நேரம், பணம் இரண்டையும் அதிகம் செலவழிக்க வேண்டிய இடம் இது. ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் மூக்கைப் புதைத்துக்கொண்டு கிடக்கும் இடம் வேறெது?

டாக்டர்கள் டஸ்ட் மைட் என்று சொல்லும் தூசிப்பூச்சி கால் மில்லிமீட்டர் அளவுதான், கண்ணுக்குத் தெரியாது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துகள்தான் அதற்குச் சாப்பாடு. அது தண்ணீர் குடிப்பதில்லை, காற்றில் உள்ள ஈரத்தையே உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே நீடித்தால் அதனால் தாக்குப்பிடிக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் 80-ஐத் தாண்டுவது சகஜம், அதற்குக் கொண்டாட்டம்தான். நமக்கு ஆகாதது பெரும்பாலும் அதன் எச்சம். பூச்சி செத்தாலும் எச்சம் மெத்தையிலேயே கிடக்கும் என்பதால் கொன்றால் மட்டும் போதாது, வெளியேற்றவும் வேண்டும்.

வாரம் ஒரு முறை படுக்கை விரிப்பு, தலையணை உறை, போர்வை மூன்றையும் வெந்நீரில் துவையுங்கள். 55 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் பூச்சி சாகும். மெஷினில் 60 என்று வைக்கும் வசதி இருந்தால் வேலை சுலபம். இல்லாவிட்டால் தளதளவென்று கொதித்த தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் சம அளவு கலந்தால் ஏறக்குறைய 60-ஐத் தொட்டுவிடும். துணியை அதில் அரை மணி ஊறவைத்து, வழக்கம்போல் அலசுங்கள். சாயம் போகிற துணிக்கு இது ஆகாது. பக்கெட் பக்கம் குழந்தைகளை விடாதீர்கள்.

இலவம்பஞ்சு மெத்தையும் தலையணையும் வைத்திருப்பவர்கள் அதிகம் கவனிக்க வேண்டும். பத்து வருடத்துக்கு முன் அடைத்த பஞ்சில் என்னென்ன சேர்ந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வெயில் நன்றாகக் காயும் நாளில் மொட்டை மாடியில் இரண்டு பக்கமும் புரட்டிப்போட்டு காயவைத்து, அடித்து உதறி எடுப்பது நம் பாட்டிமார் காலத்துப் பழக்கம், அறிவியலுக்கும் ஒத்துப்போகிறது. ஒரே நிபந்தனை: அலர்ஜி உள்ளவர் அந்த மெத்தையை அடிக்கக் கூடாது. பழந்தலையணையை மாற்றிவிடுவதே மேல். செலவும் குறைவு, பலனும் சீக்கிரம் தெரியும்.

ஜிப் வைத்த அலர்ஜித் தடுப்பு உறை விற்கிறார்களே, வாங்கலாமா? நெதர்லாந்தில் நடந்து 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், உறை போட்டதும் மெத்தையில் பூச்சி எச்சம் குறைந்தது, ஆனால் நோயாளிகளின் மூக்குத் தொல்லை குறையவில்லை. அதனால் உறையை மட்டும் நம்பிப் பணம் போடாதீர்கள். துவைப்பது, துடைப்பது, ஈரத்தைக் குறைப்பது இவற்றோடு சேர்ந்தால் உதவலாம்.

என்னைக் கேட்டால் நமக்குக் கைவசம் இருக்கும் நல்ல வழி கோரைப்பாய்தான். பூச்சி ஒளிய ஆழம் இல்லை, ஈரத்துணியால் துடைத்து வெயிலில் காட்டிவிடலாம். முதுகு ஒத்துழைக்கும் வயதில் இருப்பவர்கள் சீசன் முடியும்வரை பாய்க்கு மாறிப் பார்க்கலாம்.

பிள்ளைகளின் கரடி பொம்மை வெந்நீர் தாங்காது. அதை பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு நாள் முழுக்க ஃப்ரீசரில் வைத்துவிட்டு, அப்புறம் சாதாரணத் தண்ணீரில் துவையுங்கள். குளிர் பூச்சியைக் கொல்லும், துவைப்பது எச்சத்தைப் போக்கும். கட்டிலில் ஒரு பொம்மை போதும், மீதி அலமாரிக்குள் இருக்கட்டும்.

படி 4: ஓதமும் பூசணமும்

சுவரில் ஓதம் இறங்கினால் முதலில் நீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். மொட்டை மாடி விரிசலா, பக்கத்துக் குளியலறைக் குழாயா? அதை அடைக்காமல் மேலே பெயின்ட் அடித்தால் அடுத்த மழையில் கரும்புள்ளிகள் பழைய இடத்திலேயே எட்டிப் பார்க்கும். சிறிய பரப்பு என்றால் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவிக் காயவிடலாம். கழுவுகிறவர் மாஸ்க் போட்டுக்கொள்ள வேண்டும். அது அலர்ஜி இல்லாத ஒருவராக இருக்கட்டும்.

பீரோவைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் நான்கு விரல் இடம் விடுங்கள். மழை நாளில் துணியைப் படுக்கையறையில் கொடி கட்டிக் காயப்போடுவது நம் வீடுகளில் தவிர்க்க முடியாதது, ஆனால் அந்த ஈரம் முழுவதும் அறைக்குள்தான் போகிறது. கூடத்திலோ பால்கனியிலோ ஃபேன் போட்டுக் காயவையுங்கள். சமைக்கும்போதும் குளித்தபின்பும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும். மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்தால் ஜன்னலைத் திறந்துவிடுங்கள். ஏசி இருந்தால் டிரை மோடில் சிறிது நேரம் ஓடவிடலாம். அதன் ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழுவாவிட்டால் ஏசியே பூசணத்தை ஊதிவிடும்.

படி 5: சுத்தம் செய்யும் விதம்

துடைப்பத்தால் வேகமாகப் பெருக்கினால் தரையில் கிடந்த தூசி மூக்கு உயரத்துக்கு வந்துவிடும். ஈர மாப்தான் நல்லது. மேஜை, ஜன்னல் கம்பி எல்லாவற்றுக்கும் ஈரத்துணி. ஒட்டடை அடிக்கும் நாளில் அலர்ஜி உள்ளவர் வீட்டில் இல்லாமல் இருப்பதே உத்தமம். முடியாவிட்டால் என்95 மாஸ்க் போட்டுக்கொண்டு, வேலை முடிந்து தூசி அடங்க அரை மணி நேரமாவது கொடுத்துவிட்டு அறைக்குள் போகட்டும்.

சீலிங் ஃபேன் இறக்கையை மறக்காதீர்கள். பழைய தலையணை உறை ஒன்றை இறக்கை மேல் மாட்டி, அழுத்திப் பிடித்து இழுத்தால் தூசி முழுக்க உறைக்குள் விழுந்துவிடும், கட்டிலில் கொட்டாது. பழைய செய்தித்தாள் கட்டு, அட்டைப் பெட்டி, கட்டிலுக்கடியில் மூட்டை, இவற்றை மழைக்கு முன்பே அகற்றிவிடுங்கள். கொலு பொம்மைகளை மறுபடி கட்டும்போது பழைய பேப்பருக்குப் பதில் துவைத்த பருத்தித் துணியில் சுற்றி, மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் வைத்தால் அடுத்த ஆண்டு பெட்டி திறக்கும்போது தும்மலிலிருந்து தப்பிக்கலாம்.

படி 6: புகை

சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்திச் சுருள். மூன்றுமே ஏற்கெனவே வீங்கியிருக்கும் மூக்கை மேலும் உறுத்தும். சாம்பிராணி சளியை எடுக்கும் என்ற நம்பிக்கை ஆழமானது, வீட்டுப் பெரியவர்களோடு இதில் சண்டை போட்டு ஜெயிக்க முடியாது. ஜன்னலைத் திறந்துவைத்து, அலர்ஜி உள்ளவர் வேறு அறையில் இருக்கும்போது போடச் சொல்லுங்கள். சுருளுக்குப் பதில் கொசுவலை. அதையும் அவ்வப்போது துவைக்க வேண்டும்.

மார்கழி இரவுகளில் தரையருகே குளிர்ந்த காற்று அப்படியே தங்கிவிடுவதால் புகை மேலே போகாது. போகி விடியலில் சென்னையைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் புகைமூட்டத்தில் விமானங்களே தாமதமான ஆண்டுகள் உண்டு. தீபாவளி இரவும் போகிக் காலையும் ஜன்னலை மூடிவிட்டு உள்ளேயே இருங்கள். நடைப்பயிற்சியை அந்த நாள்களில் சாயங்காலத்துக்கு மாற்றலாம்.

படி 7: உப்பு நீரால் மூக்கைக் கழுவுதல்

யோகாவில் ஜலநேதி என்று நெடுங்காலமாக இருப்பதை இன்று இஎன்டி டாக்டர்களும் பரிந்துரைக்கிறார்கள். ஒட்டியிருக்கும் தூசியையும் மகரந்தத்தையும் கழுவி வெளியேற்றும் எளிய வழி.

தண்ணீர் விஷயத்தில் சமரசமே கூடாது. நன்றாகக் கொதித்து, அதன்பின் ஒரு நிமிடமாவது கொதிக்கவிட்டு ஆறவைத்த தண்ணீர் மட்டும். கேன் தண்ணீர், ஆர்ஓ தண்ணீர், கிணற்று நீர் எதுவும் அப்படியே மூக்கில் போகக் கூடாது. கேரளத்தில் 2024, 2025 ஆண்டுகளில் உயிர்களைப் பறித்த அமீபா மூளைக்காய்ச்சல் நினைவிருக்கும். அதில் அஞ்சப்படும் அமீபா மூக்கு வழியாகத்தான் மூளைக்குப் போகிறது, குடிப்பதால் அல்ல. பயந்து விட்டுவிட வேண்டியதில்லை, கொதிக்கவைத்தால் அது செத்துவிடும்.

அளவு: 1 லிட்டருக்கு 9 கிராம் உப்பு. கால் லிட்டருக்கு அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு. எரிந்தால் ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்க்கலாம். மருந்துக்கடையில் கழுவும் பாட்டிலோடு உப்புப் பொட்டலமாகவே கிடைக்கிறது, அளவு தவறாமல் இருக்க அதுவே வசதி.

வாஷ்பேசின் மேல் குனிந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, வாயால் மூச்சுவிட்டபடி மேல் பக்கத் துளையில் மெதுவாக ஊற்றுங்கள். அடுத்த துளை வழியாக வெளியேறும். இளஞ்சூடாக இருந்தால் இதமாக இருக்கும். முடிந்ததும் லேசாகச் சிந்துங்கள், பலமாகச் சிந்தினால் காது அடைத்துக்கொள்ளும். வெளியே போய் வந்ததும் அல்லது இரவு படுக்குமுன் ஒரு தடவை போதும். பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்துக் காயவைக்க வேண்டும். காது வலி இருந்தாலோ மூக்கு முழுவதும் அடைத்திருந்தாலோ செய்யாதீர்கள்.

நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பது கொஞ்ச நேரம் இதமாக இருக்கும், அவ்வளவுதான். அலர்ஜியை அது குறைக்காது. போர்வைக்குள் கொதிநீர்ப் பாத்திரத்தோடு குழந்தையை உட்காரவைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம், ஒரு நொடியில் வெந்துவிடும்.

படி 8: வெளியே போய் வருவது, சாப்பாடு

பைக்கில் போகிறவர்கள் கண்ணாடி இறக்கிய முழு ஹெல்மெட், உள்ளே மாஸ்க். வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவி, உடை மாற்றி, அப்புறம்தான் கட்டில். மகரந்தம் ஆகாதவர்கள் இரவில் தலையை அலசுவது நல்லது.

சாப்பாட்டைப் பற்றி நீளமாக எழுத எதுவும் இல்லை. வாழைப்பழம், தயிர், ஆரஞ்சு எல்லாவற்றையும் மழைக்காலம் முழுக்க நிறுத்திவைப்பது வழக்கம்; தூசி அலர்ஜிக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. குறிப்பிட்ட ஒன்றைச் சாப்பிட்டதும் திரும்பத் திரும்ப வாய் அரித்தால், தடித்தால் அது தனி விஷயம், டாக்டரிடம் சொல்லுங்கள். மிளகு ரசமும் மஞ்சள் பாலும் தொண்டைக்கு இதம், மருந்து என்று நினைக்க வேண்டாம். உள்ளூர்த் தேன் சாப்பிட்டால் மகரந்த அலர்ஜி போகும் என்பதற்கும் உறுதியான ஆதாரம் கிடையாது. தேனீ சேகரிப்பது பூச்சிகள் தேடிவரும் பூக்களிலிருந்து, நம்மைத் தும்மவைப்பதோ பெரும்பாலும் காற்றில் பறக்கும் மகரந்தம்.

படி 9: மருந்துக்கடைக்குப் போகும்முன்

மேலே சொன்னதெல்லாம் செய்தும் தொல்லை இருந்தால் மருந்து எடுப்பதில் தவறில்லை. எதை, எப்படி என்பதில்தான் கோளாறு நடக்கிறது.

தொடர்ந்து வரும் மூக்கு அலர்ஜிக்கு ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரேதான் நன்றாக வேலை செய்யும். ஸ்டீராய்டு என்றதும் பயப்படுகிறார்கள். புளூட்டிகசோன், மொமெட்டசோன் போன்றவை உடம்புக்குள் போவது மிகக் குறைவு. ஆனால் அடித்த அன்றே அதிசயம் நடக்காது, முழுப் பலனுக்கு இரண்டு வாரம்வரை ஆகலாம். அதனால்தான் சீசனுக்கு முன்பே டாக்டரைப் பார்த்துத் தொடங்கச் சொல்கிறார்கள். அடிக்கும்போது தலையைச் சற்றுக் குனிந்து, வலது துளைக்கு இடது கை, இடது துளைக்கு வலது கை. ஸ்ப்ரே நுனி மூக்கின் நடுத்தண்டைப் பார்க்காமல் வெளிப்பக்கம், அதாவது காது பக்கம், பார்க்க வேண்டும். நடுத்தண்டில் அடித்தால் ரத்தம் வரும். பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும்.

மூக்கடைப்புக்குச் சொட்டு மருந்து, சைலோமெட்டசோலின், ஆக்ஸிமெட்டசோலின் வகை, போட்ட நிமிடமே திறந்துவிடும். அதுதான் ஆபத்தும். நான்கைந்து நாளைத் தாண்டினால் மருந்தே மூக்கை அடைக்க ஆரம்பிக்கும், சொட்டு போடாமல் தூங்க முடியாத நிலை வரும்.

மாத்திரைகளில் லோரடடின், ஃபெக்ஸோஃபெனடின் ஆகியவற்றில் தூக்கம் குறைவு. செடிரிசின் சிலரைச் சொக்கவைக்கும். பழைய குளோர்ஃபெனிரமின் கலந்த சளி மாத்திரையைப் போட்டுவிட்டு வண்டி ஓட்டாதீர்கள். ஃபெக்ஸோஃபெனடினைப் பழச்சாறோடு விழுங்கினால் சரியாக உடம்பில் சேராது, தண்ணீர்தான் சரி.

லெவோசெடிரிசினும் மான்டெலுகாஸ்டும் கலந்த மாத்திரையை நம் ஊரில் மிட்டாய் மாதிரி வாங்கிப் போடுகிறார்கள். மான்டெலுகாஸ்டால் சிலருக்குக் கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம்கூட வரலாம் என்று 2020 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு தன் மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. லேசான மூக்கு அலர்ஜிக்கு முதலில் மற்ற மருந்துகளைப் பாருங்கள் என்றும் சொன்னது. ஏற்கெனவே எடுப்பவர்கள் தாமாக நிறுத்தாமல் டாக்டரிடம் பேசுங்கள். பிள்ளைக்குக் கொடுக்கிறீர்கள் என்றால் தூக்கமும் குணமும் மாறுகிறதா என்று கவனியுங்கள்.

படி 10: எப்போது டாக்டரிடம்?

மூச்சிரைப்பு, நெஞ்சில் வீசிங் சத்தம், இரவில் விடாத இருமல் இருந்தால் காத்திருக்காதீர்கள். மூக்கு அலர்ஜியும் ஆஸ்துமாவும் ஒரே மூச்சுப்பாதையின் இரண்டு முனைகள், ஒன்றைக் கவனிக்காவிட்டால் மற்றது மோசமாகும். ஒரு பக்கம் மட்டும் அடைப்பு, ரத்தம் கலந்த சளி, முக வலியோடு காய்ச்சல், வாசனையே தெரியாமல் போவது, இவற்றுக்கும் இஎன்டி டாக்டர்தான்.

எது ஆகாது என்று உறுதியாகத் தெரிய தோலில் துளித் துளியாக வைத்துக் குத்திப் பார்க்கும் ஸ்கின் பிரிக் டெஸ்ட் இருக்கிறது. பதினைந்து, இருபது நிமிடத்தில் முடிவு தெரியும். அதற்கு ஒரு வாரம் முன்பே அலர்ஜி மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள், இல்லாவிட்டால் தோல் எதையும் காட்டாது. உங்கள் இரண்டு வாரக் குறிப்பையும் எடுத்துப் போங்கள். டெஸ்டில் தடித்ததும் குறிப்பில் இருப்பதும் பொருந்தினால்தான் அது உண்மையான காரணம். முடியைக் கொடுத்து இருநூறு பொருளுக்கு அலர்ஜி சொல்லும் பேக்கேஜ்களில் பணத்தைக் கரைக்காதீர்கள்.

காரணம் தெளிவாகி, மருந்திலும் அடங்காதவர்களுக்கு இம்யூனோதெரபி உண்டு. ஆகாத பொருளையே சிறு சிறு அளவில் ஊசியாகவோ நாக்கடியிலோ கொடுத்து உடம்பைப் பழக்குவார்கள். மூன்று முதல் ஐந்து வருடம் தொடர வேண்டும். ஊசி போட்டபின் அரை மணி நேரம் ஆஸ்பத்திரியிலேயே உட்காரவைப்பார்கள். அரிதாக உடம்பு முழுக்க அலர்ஜி கிளம்பினால் அந்த நேரத்தில்தான் பெரும்பாலும் தெரியும். அவசரமாக வீட்டுக்குப் போக வேண்டியிருந்தால் அன்றைக்கு ஊசியே வேண்டாம் என்று சொல்லிவிட்டு இன்னொரு நாள் போங்கள்.